பொருள்: டீம் சார்ட்டர் – குழுச் சாசனமா, குழு இசைவேடா?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு, வணக்கம். ஒரு பணிக்குழு தன் பொறுப்புகளையும் முடிவெடுக்கும் முறையையும் எழுதிவைத்துக்கொள்ளும் தாள்தான் ‘டீம் சார்ட்டர்’ (team charter). நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சில் எழுந்த கேள்வி இது:

> அரசு அலுவலகங்களில் ‘மக்கள் சாசனம்’ ஏற்கெனவே இருக்கும்போது, பணியிடக் குழுக்களுக்கும் ‘குழுச் சாசனம்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்தச் சேவை எத்தனை நாளில் கிடைக்கும் என்று அலுவலகத்தில் எழுதி மாட்டியிருக்கும் அந்த மக்கள் சாசனப் பலகையின் முன் நம்மில் எத்தனை பேர் நின்று படித்திருக்கிறோம்? சாசனம் என்ற வடசொல்லுக்கு ஆணை என்பதே அடிப்படைப் பொருள். புதுச்சேரியை அடுத்த நம் பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கிறது. அசல் சாசனம் என்றால் அதுதான். கொடுப்பவர் மேலே இருக்கிறார், பெறுபவர் கீழே இருக்கிறார், பின்னால் வருபவர் யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே செம்பில் வெட்டுகிறார்கள். குழு தனக்குத்தானே எழுதிக்கொண்டு, தேவைப்படும்போது அடித்துத் திருத்த வேண்டிய ஒரு தாளுக்கு இந்தப் பெயர் பொருந்தவில்லை.

இதை அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் புதுச்சேரியிலும் பாதிப் பேர் கடலூரிலும் இருக்கிறோம். மேலாளர் தாமே எழுதி, லேமினேஷன் செய்து சுவரில் மாட்டிய முதல் தாளில் ‘ஒருவரையொருவர் மதிப்போம், காலந்தவறாமை காப்போம்’ என்பன போன்ற வரிகள் இருந்தன. எவருக்கும் மறுப்பில்லாத வரிகள் என்பதாலேயே அவை எவருக்கும் பயன்படவில்லை. நவம்பர் 1 வந்தது. அது புதுச்சேரிக்கு விடுதலை நாள், அரசு விடுமுறை. கடலூருக்கோ வேலை நாள். கடலூரில் இருந்தவர் ஒரு விலைப்புள்ளிக்கு ஒப்புதல் கேட்டு நாள் முழுவதும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்க, ஒப்புதல் தர வேண்டியவர் குடும்பத்தோடு கடற்கரையில் இருந்தார். மறுநாள் நடந்த வாக்குவாதத்தில் சுவரில் இருந்த தாளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு பக்கம் எழுதினோம். ஓர் ஊரில் விடுமுறை என்றால் மற்ற ஊரில் யார், எவ்வளவு தொகை வரை ஒப்புதல் தரலாம்; புயல் எச்சரிக்கை வந்தால் அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு யாருடையது (2011 டிசம்பரில் ‘தானே’ புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை); இரவு 8 மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வரும் கேள்விக்கு எப்போது பதில் சொன்னால் போதும்; இருவருக்குள் ஒத்துவராவிட்டால் முடிவெடுப்பவர் யார்; இந்தப் பக்கத்தை மறுபடி எப்போது திருத்துவது. இவ்வளவுதான். இப்போது அதில் பென்சில் திருத்தங்களும் தேநீர்க் கறையும் இருக்கின்றன.

இந்தத் தாளுக்குத்தான் பெயர் தேடுகிறோம். ‘பட்டயம்’ பாலிடெக்னிக் படிப்பை நினைவூட்டும். ‘ஒப்பந்தம்’ என்றால் ஒப்பந்தத் தொழிலாளர் நினைவு வந்து, கையெழுத்திடவே தயங்குவார்கள். உடன்பட்டு எழுதிக்கொடுக்கும் ஆவணத்துக்குத் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘இசைவுத் தீட்டு’ என்ற அருமையான பெயர் உண்டு. ஆனால் தீட்டு என்ற சொல் இன்று போயிருக்கும் இடத்திலிருந்து அதை மீட்டு வர நமக்கு வலு இல்லை. எனவே இசைவை மட்டும் எடுத்துக்கொண்டு, பதிவேடு, குறிப்பேடு போல ‘இசைவேடு’ என்று முன்மொழிகிறேன். ஏடு புரட்டுவதற்கும் எழுதிச் சேர்ப்பதற்கும் உரியது. ‘இசைவேட்டில் என்ன இருக்கிறது, பார்’, ‘இசைவேட்டைத் திருத்துவோம்’ என்று பேச்சிலும் இடறாமல் வருகிறது.

> பாட்டு நோட்டு என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

முதல் தடவை கேட்பவர் நினைக்கக்கூடும். இந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் முன்னால் ‘குழு’ வந்துவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஐக்கிய நாடுகள் சாசனத்தையும் மக்கள் சாசனத்தையும் தொட வேண்டாம், அவை ஊன்றிவிட்டன.

பட்டியலில் சேர்ப்பதற்கான வரையறை: குழு இசைவேடு – ஒரு பணிக்குழுவின் உறுப்பினர்கள் தங்கள் நோக்கம், பொறுப்புகள், முடிவெடுக்கும் முறை ஆகியவற்றைக் கலந்துபேசி எழுதி, குறித்த இடைவெளியில் தாங்களே திருத்திக்கொள்ளும் சுருக்கமான ஆவணம். ‘தாங்களே’ என்ற சொல்லை மட்டும் நீக்க வேண்டாம், மற்றவற்றைச் செப்பனிடலாம்.