தண்ணீரில் குழாய் ஊதும்போது கழுத்து இறுகுகிறது

கேள்வி: குரல் களைத்த ஓர் ஆசிரியைக்குக் குரல் பயிற்சி தருகிறேன்: குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து, மறுமுனை வழியே ‘ஊ’ என்று குரலோடு ஊத வேண்டும். 35 செ.மீ. சிலிகான் குழாய், உள்விட்டம் 9 மி.மீ., முனை தண்ணீருக்குள் 6 செ.மீ. ‘ஊ’ என்றதும் தோள் ஏறுகிறது. ஏன்?

பதில் 1: ஆழம்தான். குமிழி கிளம்பவே 6 செ.மீ. நீரழுத்தத்தைத் தாண்ட வேண்டும். தொண்டையை இறுக்கித் தள்ளுகிறார். இறுக்கக் குரலுக்கு 1–2 செ.மீ. போதும். குரல்நாண் சரியாக மூடாதவர்களுக்குத்தான் கூடுதல் ஆழம்.

பதில் 2: “மூச்சை நல்லா இழுங்க” என்று சொல்கிறீர்களா? சொன்னாலே தோள் எழும்! முதலில் முழுக்க ஊதி முடிக்கட்டும். வயிறு தளர்ந்தால் காற்று தானே உள்ளே வரும். கையைக் கீழ் விலாவின் பக்கவாட்டில் வைக்கட்டும். குரல் வந்து குமிழி வராவிட்டால் உதட்டோரமோ மூக்கோ கசிகிறது. மூக்கைப் பிடித்துப் பாருங்கள்.

கேட்டவர்: எவ்வளவு நேரம்?

பதில் 1: ஒரு தடவைக்கு 2–3 நிமிடம், நாளில் பல தடவை. ஊதி முடித்த உடனே குழாயை எடுத்துவிட்டு அதே ‘ஊ’, பிறகு ‘ஊர்’, ‘ஊஞ்சல்’.