'டீடாக்ஸ்': துண்டறிக்கைக்கு ஒரு சொல் வேண்டும்

சென்னிமலையிலிருந்து, செவிலியர்:

சொல்லாக்கக் குழுவில் உள்ள ஐயாக்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். உடலில் ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்செனிக் ஆகிய 'கன உலோகங்கள்' எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனையின் முடிவை எப்படிப் படிப்பது என்று ஒரு துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நொய்யலில் சாயக் கழிவைப் பார்த்தே வளர்ந்த ஊர்கள் இவை. முலாம் பட்டறைக்கும் பழைய பேட்டரி உடைக்கும் இடத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் பலர். அவர்களிடம், நஞ்சை உடலிலிருந்து வெளியேற்றும் 'இயற்கை டீடாக்ஸ்' என்று கொத்தமல்லிச் சாற்றையும் குளோரெல்லா பாசி மாத்திரையையும் விற்கிறார்கள்.

சென்ற வாரம் ஓர் அம்மா, மடித்து மடித்து ஓரம் கிழிந்த அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்தார். உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பிடித்த சிறுநீரில் எடுத்த அளவு அது. ஈயத்துக்கு நேரே சிவப்புக் கட்டம். தாளின் அடியில் பொடி எழுத்தில், மருந்து கொடுக்காதவர்களின் சிறுநீரோடு ஒப்பிட்டிருப்பதாக அச்சிட்டிருந்தார்கள். அந்த மருந்தைக் கொடுத்தால் யாருக்கும்தான் அளவு ஏறும். இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி அறிவித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த அம்மாவோ மருந்துக்காக வளையலை அடகு வைக்கப் போய்க்கொண்டிருந்தார்.

'டீடாக்ஸ்', 'ரெஃபரன்ஸ் வேல்யூ' (பரிசோதனை முடிவை எந்த அளவோடு ஒப்பிடுகிறோமோ அது) இரண்டுக்கும் படித்தவுடன் பிடிபடும் சொல் தாருங்கள்.

பேரூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மணி, 'நச்சுமுறிவு' இருக்க வேறு தேடுவானேன்? இரும்பு 'இருப்புப்பாதை' ஆனதுபோல், மென்றொடர் வன்றொடராகி நஞ்சு 'நச்சு' ஆகிறது, சொற்புணர்ச்சி சரி. நைதல் என்ற வினையிலிருந்தே நஞ்சு பிறந்தது என்பது என் ஊகம். உடலை நைவிப்பது நஞ்சு. நைவு, நைஞ்சு, நஞ்சு என்று படிப்படியாகக் காட்டலாம்.  இதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

ஆனால் 'கன உலோகம்' கூடவே கூடாது. கனமும் வடசொல், உலோகமும் வடசொல். மாழை என்று நமக்கே ஒரு சொல் உண்டு. உங்கள் நொய்யல் கரையில்தான் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து பாடிய கொடுமணம். இரும்பு உருக்கிய உலைகள் அங்கே அகழாய்வில் கிடைத்தன. அந்தக் கொல்லன் 'உலோகம்' என்றா சொல்லியிருப்பான்? வன்மாழை என்றே எழுதுங்கள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, வேதியியல் ஆசிரியை:

ஐயா, மாழையைப் பிறகு பார்ப்போம். எனக்கு உறுத்துவது 'முறிவு'. பல நச்சுப் பொருள்களை ஈரல் உடைத்து வேறொன்றாக மாற்றிவிடும். ஈயம் தனிமம். அது முறியாது, வெளியே போகும், இல்லையேல் உள்ளேயே கிடக்கும். ரத்தத்தில் உள்ளது ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் படிந்தது பல பத்தாண்டுகள் தங்கும். நச்சுமுறிவு என்று அச்சிட்டால், ஏதோ ஒரு சாற்றைக் குடித்ததும் நஞ்சு உள்ளேயே செத்துவிடும் என்று படிப்பவர் நம்புவார். விற்பவர்கள் ஊட்டும் நம்பிக்கையும் அதுதான்.

மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பாடநூல் சொல் இருக்கிறது: கொடுக்கிணைப்பு. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1920இல் மார்கனும் ட்ரூவும் ஆக்கியதன் தமிழ் இது. மருந்தின் மூலக்கூறு உலோக அயனியை இருபுறமும் கவ்விப் பிடிக்கிறது. துண்டறிக்கைக்குக் 'கவ்வு மருந்து' போதும். தேவையில்லாதவருக்குக் கொடுத்தால் உடலுக்கு வேண்டிய துத்தநாகத்தையும் செம்பையும் அது கவ்விக்கொண்டு போய்விடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

'கன' எனக்கும் வேண்டாம், காரணம் வேறு.  'கன உலோகம்' என்ற தொடருக்கே தெளிவான பொருள் இல்லை என்று 2002இல் ஐயுபேக் என்னும் பன்னாட்டு வேதியியல் அமைப்பின் அறிக்கை ஒன்று வாதிட்டது. 'நச்சு உலோகம்' போதுமானது.

பழனியிலிருந்து, சித்த மருத்துவர்:

யாராவது 'உலோகச் சுத்தி' என்று முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் சுத்தி என்பது மருந்தாக்கும் முன் உலோகத்தையும் பாடாணம் என்னும் நச்சுக் கனிமத்தையும் தூய்மை செய்வது. உடலைச் சுத்தம் செய்வதன்று. 'கழிச்சல்' என்றும் போடவேண்டாம். கோழி வளர்ப்பவர்களுக்கு அது வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய்.

கொத்தமல்லி நல்ல உணவு. ஆனால் மனித உடலிலிருந்து ஈயத்தை அது இழுக்கும் என்று நிறுவப்படவில்லை. அதை நான் மறுக்கமாட்டேன். முறையாகச் சுத்தி செய்யாத பற்பம், செந்தூரம் என்னும் மருந்துப் பொடிகள், ஈயமும் பாதரசமும் உடலில் புகும் வழியாகிவிடலாம். எங்கள் துறைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் அந்த வரியை எடுத்துவிடாதீர்கள். என் சொல்: நச்சகற்றல்.

கரூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

'டீடாக்ஸ்' என்றே விடுங்கள். மாத்திரைப் புட்டியில் மக்கள் பார்ப்பது அந்தச் சொல்லைத்தான். எச்சரிக்கையில் வேறு சொல் இருந்தால் இரண்டும் ஒன்று என்று எப்படித் தெரியும்?

சென்னிமலையிலிருந்து, செவிலியர்:

கரூர் அண்ணா சொல்வது நியாயம். தலைப்பில் 'டீடாக்ஸ்', உள்ளே 'நச்சகற்றல்' என்று வைக்கிறேன். பேரூர் ஐயா, 'வன்மாழை'யை இங்கே காத்திருந்தவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். மூவரும் 'வன்மழை' என்றே படித்தார்கள்.

அகற்றலுக்கு முன்னால் 'புகுவழி' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். பட்டறை உடுப்போடு வீட்டுக்குள் வந்து குழந்தையைத் தூக்கக்கூடாது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தையின் உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஆகவே கீரையும் கேழ்வரகும் அங்கே இடம்பெறுகின்றன, ஈயத்தை உருவும் மருந்தாக அன்று. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் அளவு கூடினால், தோலில் ஒட்டிய தூசியாகவும் இருக்கலாம். ரத்த நாளத்தில் ஊசி போட்டு எடுத்து உறுதிசெய்யவேண்டும். கடல்மீன் சாப்பிட்டவருக்குச் சிறுநீரில் மொத்த ஆர்செனிக் ஏறும்; அது பெரும்பாலும் தீங்கற்ற வகை.

இனி அந்த இரண்டாவது சொல், 'ரெஃபரன்ஸ் வேல்யூ'. 'இயல்பளவு' என்றால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நலம் என்றாகிவிடும். 'பாதுகாப்பளவு' அதைவிட மோசம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் சிறு குழந்தைகளுக்கு வைத்த அளவு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் ஈயம். அந்நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டரைப் பேர் அதற்கு மேல் இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை. 5ஐத் தொட்டால் புகுவழியைத் தேடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்குக் கவ்வு மருந்து 45ஐத் தொட்டால்தான். ஆகவே 'ஒப்பளவு' என்று எழுதியிருக்கிறேன். பிழையா?

பேரூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஒப்பு, அளவு, உகரம் கெட்டு உயிரேறி ஒப்பளவு. பிழையில்லை, அழகான சொல். முறிவை விட்டுக்கொடுக்கிறேன், கோபி அம்மணி சொன்ன காரணம் வலுவானது. மாழையை விடமாட்டேன். பழகாத சொல் படிக்க வராது, படிக்கத் தராத சொல் பழகாது. அடுத்த அச்சில் 'நச்சு உலோகம்' பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்ளாவது ஒருமுறை மாழை வரட்டும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, வேதியியல் ஆசிரியை:

நச்சகற்றல், கவ்வு மருந்து, ஒப்பளவு மூன்றுக்கும் என் ஒப்புதல். மெய்ப்பை வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள் தங்கச்சி. அலகுகளை நான் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன். லிட்டருக்கும் டெசிலிட்டருக்கும் பத்து மடங்கு வேறுபாடு.