ஜிடால் இருக்கிறது, சிமேக் மட்டும் இல்லை என்கிறது (உபுண்டு 22.04)

சரிவுக்கணக்கு:
சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களின் சரிவைக் கணக்கிடும் சின்ன சி++ நிரல். வரைபடத் தரவைப் படிக்க ஜிடால் நூலகம், பில்டு செய்ய சிமேக் கருவி. எஸ்ஆர்டிஎம் (விண்கல ரேடார் அளந்த) 30 மீட்டர் உயரத் தரவில் என்11இ078 டைலை (ஒரு டிகிரிச் சதுரத் துண்டு) திறந்து, சரிவு எத்தனை டிகிரி என்று ராஸ்டராக (கட்டம் கட்டமான படக் கோப்பாக) எழுதும், அவ்வளவுதான். சேலத்தில் உள்ள உபுண்டு 24.04 கணினியில் பில்டு ஆகிறது. ஏற்காட்டில் உள்ள 22.04 மடிக்கணினியில் சிமேக் ஓட்டினால், "ஜிடால்கான்ஃபிக்.சிமேக் கோப்பு கிடைக்கவில்லை, ஜிடால்_டிர் கொடு" என்று நின்றுவிடுகிறது. சிமேக் படிக்கும் கட்டளைக் கோப்பான சிமேக்லிஸ்ட்ஸில் இருப்பது "ஃபைண்ட்_பேக்கேஜ்(ஜிடால் கான்ஃபிக் ரெக்வயர்ட்)". ஜிடாலின் ஜிடால்இன்ஃபோ கட்டளை வேலை செய்கிறது, பதிப்பு 3.4.1 காட்டுகிறது. என்ன விட்டுப்போச்சு?

டெர்மினல்வாசி:
ஜிடால்இன்ஃபோ ஓடுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் போட்டாலே லிப்ஜிடால்30, ஜிடால்-பின் இரண்டும் கூடவே வந்துவிடும். அவை நிரலை ஓட்டத்தான் போதும். ஹெடர் கோப்புகளும், பதிப்பு எண் ஒட்டாத .எஸ்ஓ நூலக இணைப்பும் லிப்ஜிடால்-டெவ் பொதியில்தான் வரும். முதலில் அது இருக்கிறதா பாருங்க.

சரிவுக்கணக்கு:
லிப்ஜிடால்-டெவ் இருக்குங்க. /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஜிடால் உள்ளே ஜிடால்.ஹெச் இருக்கிறது.

பில்டுபட்டறை:
அப்படியென்றால் உங்க கணினியில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கான்ஃபிக் கோப்பே 22.04-ல் கிடையாது. ஜிடால் தன் பில்டுக்கு சிமேக்கை எடுத்துக்கொண்டது 3.5 பதிப்பில், ஜிடால்கான்ஃபிக்.சிமேக் வந்ததும் அப்போதுதான். 22.04 தருவது 3.4.1, 24.04 தருவது 3.8.4. சேலத்தில் ஓடுவதற்கும் ஏற்காட்டில் ஓடாததற்கும் காரணம் இவ்வளவே. சந்தேகம் இருந்தால் "டிபிகேஜி -எல் லிப்ஜிடால்-டெவ்" (எல் பெரிய எழுத்து) கொடுத்து, வரும் பட்டியலில் சிமேக் என்று தேடுங்க, கிடைக்காது.

பிழைச்செய்தி சொல்கிறதே என்று ஜிடால்_டிர்-ஐ எந்த அடைவுக்குக் காட்டினாலும் பயன் இல்லை. இல்லாத கோப்பை எங்கே தேடி என்ன? செய்ய வேண்டியது, அந்த வரியில் "கான்ஃபிக்" என்ற சொல்லை மட்டும் எடுப்பது. அப்போது சிமேக் தன்னிடமே உள்ள ஃபைண்ட்ஜிடால் மாட்யூலைப் பயன்படுத்தும். இணைக்கும் பெயர் இரண்டு வழியிலும் ஜிடால்::ஜிடால்தான், மாட்யூலில் அது சிமேக் 3.14 முதல் உண்டு. ஆக அதே கோப்பு 24.04-லும் ஓடும்.

மாற்றிய பிறகு பில்டு அடைவை முழுசாக அழித்துவிட்டு ஓட்டுங்க. முதல் தடவை கண்டது, காணாதது எல்லாம் சிமேக்கேஷில் (சிமேக் தன் முடிவுகளைச் சேமிக்கும் கோப்பில்) உட்கார்ந்திருக்கும். அதைத் தானே அழித்துத் தொடங்கும் "--ஃப்ரெஷ்" சிமேக் 3.24-ல்தான் வந்தது, உங்களிடம் இருப்பது 3.22.

சரிவுக்கணக்கு:
சிமேக் தாண்டிவிட்டது, நன்றி. இப்போது லிங்க் கட்டத்தில் "லிப்ஜிடால்.எஸ்ஓ-வுக்குத் தேவையான நூலகம் இல்லை" என்று வரிசையாக எச்சரிக்கை, கடைசியில் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்". டெர்மினல் முனையில் (பேஸ்) என்று நிற்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பில்டுபட்டறை:
முழுச் சம்பந்தமும் அதற்குத்தான்! (பேஸ்) என்றால் கோண்டா (தனக்கென்று தனி நூலகங்களை வைத்துக்கொள்ளும் பொதி மேலாளர்) விழித்திருக்கிறது. ஃபைண்ட்ஜிடால் மாட்யூல், ஜிடால்-கான்ஃபிக் என்ற சிறு ஸ்கிரிப்டைப் பாத் வரிசையில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் வரிசை) தேடி, அது சொல்லும் அடைவில்தான் நூலகத்தை முதலில் பார்க்கும். பாத்தில் முன்னால் நிற்பது கோண்டாவின் ஸ்கிரிப்ட். ஹெடர் உபுண்டுவினுடையது, நூலகம் கோண்டாவினுடையது என்று ஆகிவிடும். சிமேக்கேஷில் ஜிடால்_இன்க்ளூட்_டிர், ஜிடால்_லைப்ரரி இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க, வேறு வேறு அடைவு மரமாக இருக்கும். இது லிங்க்கிலேயே உடைந்தது நல்லதாப் போச்சு. சில சமயம் சத்தமில்லாமல் லிங்க் ஆகி, ஓடும்போது நடுவில் விழும்.

"கோண்டா டிஆக்டிவேட்" கொடுத்து, பில்டு அடைவை மறுபடி அழித்து ஓட்டுங்க. மூலத்திலிருந்து ஜிடாலைக் கட்டி /யூஎஸ்ஆர்/லோக்கலில் போடலாம் என்று யாராவது சொல்வார்கள், இந்த வேலைக்கு அது வேண்டாம். கணினியில் மூன்றாவது ஜிடாலும் சேரும், புது நூலகத்தைப் பதிவு செய்யும் எல்டிகான்ஃபிக் கட்டளையை மறந்தால் இன்னொரு பிழை.

டெர்மினல்வாசி:
ஒன்று சேர்க்கிறேன். பில்டு ஆன பிறகு "ப்ரோஜ்.டிபி" (வரைபட ஆயமுறைகளின் தரவுக் கோப்பு) பற்றிப் புகார் வந்தால் ப்ரோஜ்_லிப் சூழல்மாறியைப் பாருங்க. பழைய கோண்டாவோ, யாரோ .பாஷ்ஆர்சி-யில் எழுதியதோ, வேறு பதிப்பின் அடைவைக் காட்டிக்கொண்டிருக்கும். "அன்செட்" செய்தால் போதும்.

இன்னொன்று, பில்டுக்குச் சம்பந்தமில்லாதது. எஸ்ஆர்டிஎம் டைலில் கிடைமட்ட அளவு டிகிரி, உயரம் மீட்டர். அப்படியே சரிவு கணக்கிட்டால் எல்லா இடமும் 90-க்குப் பக்கத்தில் வரும். முதலில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆயமுறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு (இபிஎஸ்ஜி எண் 32644) மாற்றுங்க. ஏற்காடு சுமார் 78.2 கிழக்கு, அதனால் 44. பின்னால் மேட்டூர்ப் பக்கம் போனால் 77.8, அது 43-ஆம் மண்டலம், டைலும் என்11இ077.