செர்ரித் தோட்டம் ஸ்காட்லாந்துக்குப் போனால்: ஹைலண்ட்ஸா, கிளைட் பள்ளத்தாக்கா?

மூன்றாம்மணி:
ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் ‘செர்ரித் தோட்டம்’ (1904) நாடகத்தில், கடனில் மூழ்கிய ரனேவ்ஸ்கயா, அவள் அண்ணன் கயேவ் இருவரின் பண்ணை ஏலத்துக்கு வருகிறது; அதை வாங்குபவன் வியாபாரி லோபாகின். இந்த நாடகத்தை ஸ்காட்லாந்தில் வைக்கலாம் என்றதுமே பலர் வடக்கு மலைப்பகுதியான ஹைலண்ட்ஸுக்கு வண்டி கட்டிவிடுகிறார்கள். மூடுபனி, பாழடைந்த மாளிகை, பைப் இசை. அங்கே போனால் லோபாகின் கெட்டுப்போவான். அவன் அப்பாவும் தாத்தாவும் அந்தப் பண்ணையின் கொத்தடிமைகள். ரஷ்யாவில் விடுதலை வந்தது 1861-இல். ஹைலண்ட்ஸில் நடந்தது வேறு. ஸ்ட்ராத்நேவரில் 1814, 1819-இல் குடியானவர்களை விரட்டிவிட்டுச் செம்மறி மேய்த்தார்கள். விரட்டப்பட்டவனின் பேரன் வந்து பண்ணையை வாங்கினால் அரங்கமே கைதட்டும். லோபாகின் வாங்கும்போது நமக்குக் கைதட்டவும் வரக்கூடாது, திட்டவும் வரக்கூடாது.

என் தேர்வு லனார்க்‌ஷயர், கிளைட் பள்ளத்தாக்கு, 1848. பழத்தோட்டமும் உண்டு, நிலக்கரியும் உண்டு. ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளிகளை 1606-ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்கத்தோடு கட்டிப்போட்டது. முழு விடுதலை 1799-இல்தான். லோபாகினுக்கு நாற்பது வயது என்றால் அப்பா கட்டுண்டு பிறந்தவர், தாத்தா கட்டுண்டே வாழ்ந்தவர்.

பக்கத்திரை:
அங்கே பெரும்பாலும் ஆப்பிள், பேரி, பிளம்தானே? ஆப்பிள் பூவில் இளஞ்சிவப்பு கலந்திருக்கும். இறந்துபோன அம்மா வெள்ளை உடையில் தோட்டத்தில் நடப்பதாக ரனேவ்ஸ்கயாவுக்குத் தோன்றும் இடத்தை என்ன செய்வீர்கள்? சட்டச் சிக்கல் இன்னும் பெரிது. 1685 முதல் ஸ்காட்லாந்துப் பண்ணைகளை, வாரிசுக்கே போய்ச் சேரும்படி, வாரிசுக் கட்டுக்குள் வைக்க முடிந்தது; அப்படி வைத்த நிலத்தைக் கடனுக்காக ஏலம் விட முடியாது. ஏலம் இல்லையென்றால், ஏல முடிவு தெரியவரும் மூன்றாம் அங்கமே இல்லை.

மூன்றாம்மணி:
பேரி வையுங்கள். வெள்ளைப் பூ, மே முதல் வாரம்வரை தாங்கும். வாரிசுக் கட்டை அவிழ்க்க 1848-லேயே சட்டம் வந்துவிட்டது. கட்டை அவிழ்த்ததே கடன் வாங்கத்தான் என்று கயேவ் வாயிலேயே ஒரு வரி போடலாம். கடன் வாங்கிவிட்டுப் பில்லியர்ட்ஸ் ஆடப் போகிற ஆள்தானே அவர்.

லோபாகினின் திட்டத்துக்கு மாற்றமே வேண்டாம். நிலத்தை மனைகளாகப் பிரித்து, ஆண்டுதோறும் நிலவரி வாங்கிக்கொள்வது ஸ்காட்லாந்தில் ‘ஃபியூ’ என்ற பெயரில் 2004 வரை இருந்த வழக்கம். கலிடோனியன் ரயில் பாதை 1848-இல் முழுதாகத் திறந்தாயிற்று. கிளாஸ்கோ வியாபாரிகள் வில்லா கட்ட வருவார்கள். பணத்தில் விகிதத்தை மட்டும் காப்பாற்றுங்கள். பண்ணையை மீட்க அத்தை தருவது 15 ஆயிரம் ரூபிள், ஏலத்தில் எதிராளியின் முதல் கேள்வி அடமானத்துக்கு மேல் 30 ஆயிரம், லோபாகின் முடிப்பது 90 ஆயிரம். 1,500, 3,000, 9,000 பவுண்டு என்றால் முதல் கேள்வியிலேயே கயேவ் வாயடைத்துப்போவது புரியும். கடைசி அங்கத்தை அக்டோபரிலிருந்து நவம்பர் 11-க்குத் தள்ளுங்கள். வேலையாட்களும் குத்தகைக்காரர்களும் இடம் மாறும் தவணை நாள் அது. தெருவெல்லாம் மூட்டை முடிச்சாக இருக்கும்.

ஒப்பனைஅறை:
ஃபிர்ஸை மறந்துவிட்டீர்கள். 87 வயது வீட்டுப் பணியாள், விடுதலையை வேண்டாமென்று மறுத்து, அதை ‘அந்தக் கேடு’ என்பவர். 1799 சட்டம் சுரங்கத்துக்குத்தான். வீட்டு வேலையாள் முன்பே சுதந்திரமானவன், தவணை முடிந்தால் போய்விடலாம். வேண்டாம் என்று சொல்ல உங்கள் ஃபிர்ஸுக்கு எந்த விடுதலை இருக்கிறது? ஸ்காட்டிஷ் நாடகாசிரியர் ஜான் பைர்ன் 2004-இல் செக்காவின் ‘வான்யா மாமா’வை 1960-களின் வடகிழக்கு ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோக முடிந்ததென்றால், அதன் கதை கொத்தடிமை விடுதலையின் மேல் நிற்கவில்லை. இது நிற்கிறது.

மூன்றாம்மணி:
ஃபிர்ஸை ஜமைக்காவிலிருந்து அடிமைச் சிறுவனாகக் கொண்டுவரப்பட்டவர் என்று வையுங்கள். ஜோசப் நைட் வழக்கில் 1778-இல் எடின்பரோ நீதிமன்றம், ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அடிமைமுறை செல்லாது என்றது. அப்போது இவருக்கு 17 வயது. போகலாம், போகவில்லை. தோட்டத்து இலை ஒவ்வொன்றிலிருந்தும் அடிமைகளாக இருந்த மனிதர்கள் பார்ப்பதாக மாணவன் டிராஃபிமோவ் பேசுவதும் பொருந்தும்: பண்ணையை நடத்தியது சர்க்கரைப் பணம்.

ஒப்பனைஅறை:
பொருந்துகிறது, ஆனால் எடை தாங்காது. காதுகேளாமல் எதையோ முணுமுணுக்கும் கிழவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் வேண்டும்; செக்காவ் இதை நகைச்சுவை நாடகம் என்றுதான் எழுதினார். நீங்கள் சொல்லும் ஃபிர்ஸை, மூலத்தில்போல, கடைசியில் பூட்டிய வீட்டில் விட்டுப் போனால், அதற்கு முன் நடந்த மூன்று அங்கங்களும் அவர்மேல் செய்த கொடுமையாகவே தெரியும். ரனேவ்ஸ்கயாவை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

பக்கத்திரை:
இன்னொன்று. இரண்டாம் அங்கத்தில் இசைக்கருவியின் தந்தி அறுந்ததுபோல் ஓர் ஓசை கேட்டதும், எங்கோ தூரத்துச் சுரங்கத்தில் வாளி அறுந்திருக்கும் என்பான் லோபாகின். மூலத்தில் அது வெறும் ஊகம். லனார்க்‌ஷயரில் அது பக்கத்துக் குழி. கேட்டதும் எல்லாரும் எழுந்து ஓடியாக வேண்டும். அந்த வரியை வெட்டி, ஏதோ நாரைப் பறவையாக இருக்கும் என்ற கயேவின் ஊகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.