பிராசசர் மாற்றினோம், கொம்பியூட்டர் படுத்துவிட்டது: எங்கள் குடும்பக் குழுவில் பேசியவை

குழு: நோர்வூட் வீடு (மலையகத்தில் இருக்கும் யோகா, அவர் மகன் கவின், தம்பி செல்வம், தங்கை தர்ஷினி, சித்தப்பா)

*சனிக்கிழமை*

யோகா (மாலை 6:12)
தம்பி, நீ கொழும்பிலிருந்து அனுப்பிய பிராசசரைக் கவின் காலையில் மாட்டினான். கொம்பியூட்டர் எழும்புகிறது, ஆனால் முன்பு இருந்ததைவிட மோசம். வேர்ட் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

யோகா (மாலை 6:13)
நாளை மூன்று மணிக்கு ஒன்பது பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். ஏ.எல். (உயர்தர) பிள்ளைகள். வினாத்தாள் அடிக்க வேண்டும். மனம் கேட்கவில்லை.

செல்வம் (மாலை 6:20)
அக்கா, பதறாதீர்கள். கவின், டாஸ்க் மேனேஜரைத் திற. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு (பிராசசர்தான்), மெமரி, டிஸ்க் மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பு. ஒரு வீடியோவும் வேர்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது எடு. சும்மா இருக்கும்போது எடுத்தால் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.

சித்தப்பா (மாலை 6:24)
ஆறு மணிக்கு மேல் நம் லைனில் வோல்டேஜ் இறங்கும். எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர், கேத்தல். அதுவாக இருக்குமோ?

செல்வம் (மாலை 6:27)
நல்ல கேள்வி சித்தப்பா. வோல்டேஜ் மிகவும் இறங்கினால் கொம்பியூட்டர் அணைந்து அணைந்து எழும்பும். இப்படி ஊராது. பழைய ஐ3-4130 கணக்குக்கு 54 வாட், புது ஐ7-4770 கணக்குக்கு 84 வாட். முப்பது வாட்தான் கூடுதல். அந்தப் பவர் சப்ளை தாங்கும்.

தர்ஷினி (மாலை 6:29)
அண்ணா, மதர்போர்டுக்குப் பயோஸ் அப்டேட் போட வேண்டுமா? ஆபீசில் ஒருவர் அப்படித்தான் சொன்னார்.

செல்வம் (மாலை 6:33)
இதற்கு வேண்டாம். பயோஸ் என்பது கொம்பியூட்டரை எழுப்பும் மென்பொருள், போர்டிலேயே எழுதப்பட்டிருக்கும். இரண்டு பிராசசரும் 2013-இல் வந்தவை, ஒரே தலைமுறை. அந்த எச்81 போர்டு இரண்டையும் தொடக்கத்திலிருந்தே அறியும். பிறகு வந்த ஐ7-4790 வாங்கியிருந்தால் பழைய பயோஸில் சிக்கல் வந்திருக்கும். யாராவது சொன்னார்கள் என்று இப்போது பயோஸில் கைவைக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கரண்ட் போனால் போர்டே எழும்பாமல் போகலாம். மழை நாளில் நம் பக்கத்தில் கரண்ட் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

கவின் (மாலை 6:41)
📷 படம்
மாமா, சிபியு 23 சதவீதம்தான். டிஸ்க் 3. மெமரி 3.4/4.0 ஜிபி. பிராசசருக்கு வேலையே இல்லாத மாதிரி இருக்கிறது. வைரஸா?

செல்வம் (மாலை 6:42)
ஸ்பீட் எவ்வளவு காட்டுகிறது?

கவின் (மாலை 6:43)
0.79 கிகாஹேர்ட்ஸ். வீடியோ ஓடும்போதும் அதேதான், அசையவே இல்லை.

செல்வம் (மாலை 6:52)
வைரஸ் இல்லை. அந்த 23 சதவீதத்தைப் பார்த்துப் பிராசசர் ஓய்வாக இருக்கிறது என்று நினைக்காதே, அங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். விண்டோஸ் அந்தக் கணக்கைப் பிராசசரின் வழமையான வேகத்தை வைத்துப் போடுகிறது. 4770-இன் வழமையான வேகம் 3.4. 0.79-ஐ 3.4-ஆல் வகுத்துப் பார், 23 சதவீதம் வரும். அதாவது இப்போது அதால் ஓட முடிந்த அளவு முழுவதையும் ஓடிக்கொண்டிருக்கிறது. காலில் கல்லைக் கட்டிவிட்டு ஏன் மெதுவாக நடக்கிறாய் என்று கேட்பது போல.

சும்மா இருக்கும்போது 0.79 காட்டினால் அது சரி. மின்சாரம் மிச்சம் பிடிக்க அப்படி இறங்கும். வேலை கொடுத்தவுடன் 3.4-க்கு மேலே, ஒரு கோர் (பிராசசருக்குள் கணக்குப் போடும் ஒரு பகுதி) மட்டும் வேலை செய்தால் 3.9 வரைக்கும் ஏற வேண்டும். வேலை கொடுத்தும் ஏறவில்லை என்றால் ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் சூடு.

யோகா (மாலை 6:54)
சூடா? வெளியே மூடுபனி, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

செல்வம் (மாலை 6:58)
அறை குளிராக இருந்தாலும் அது நடக்கும் அக்கா. 84 வாட் சூடும் நகத்தளவு சில்லிலிருந்து வெளியேற வேண்டும். அதன் மேல் இருக்கும் ஹீட்சிங்க், அதுதான் ஃபேனோடு சேர்ந்த உலோகக் கட்டி, சரியாக ஒட்டவில்லை என்றால் சூடு வெளியே வர வழி இல்லை. நுவரெலியா குளிரில் வைத்தாலும் அதே கதைதான்.

கவின், ரீஸ்டார்ட் பண்ணி டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இரு. பயோஸ் திறக்கும். சிபியு டெம்பரேச்சர் என்று இருக்கும், அதை மட்டும் பார்த்துச் சொல். வேறு எதையும் மாற்றாதே.

கவின் (மாலை 7:06)
96. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 97 ஆகிவிட்டது.

சித்தப்பா (மாலை 7:07)
நம் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான்!

செல்வம் (மாலை 7:08)
உடனே அணைத்துவிடு. பிளக்கையும் கழற்று.

யோகா (மாலை 7:09)
ஐயோ, எரிந்துவிட்டதா? காலையிலிருந்து ஓடுகிறதே.

செல்வம் (மாலை 7:13)
எரியவில்லை அக்கா. இந்தப் பிராசசர் 100 பாகையைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் தானே அணைந்துவிடும். நீங்கள் பார்த்த மந்தம் அதுதான்.

கவின், ஃபேனை எப்படி மாட்டினாய்? பயப்படாமல் சொல். கோபப்பட மாட்டேன்.

கவின் (மாலை 7:21)
பழைய ஃபேனைத்தான் மாட்டினேன் மாமா. பிராசசருக்கும் ஃபேனுக்கும் நடுவில் பூசும் பேஸ்ட் காய்ந்து சாம்பல் மாதிரி இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். நான்கு மூலையிலும் அழுத்தினேன். மூன்று டிக் என்று சத்தம் கேட்டது. ராம் (மெமரி) பக்கத்தில் இருந்த ஒன்று கேட்கவில்லை. கேசுக்குள் நிமிர்ந்து நிற்கும்போது கை போகவில்லை. போதும் என்று நினைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

செல்வம் (மாலை 7:25)
நீ சொன்னதே பெரிய விஷயம். நானும் முதல் வருடத்தில் ஒரு வாடிக்கையாளரின் மெஷினில் இதையேதான் செய்தேன்.

இன்னொன்று. உன் படத்தில் மெமரி 4.0 என்று இருந்தது. வீட்டில் 8 அல்லவா இருந்தது?

கவின் (மாலை 7:26)
ஆமாம் மாமா! 4 ஜிபி இரண்டு. ராமை நான் தொடவே இல்லை.

செல்வம் (மாலை 7:34)
தொட்டிருக்க மாட்டாய். ராமோடு பேசும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சொக்கெட்டில் 1150 மெல்லிய ஊசிகள். அதன் பெயரே அதுதான், எல்ஜிஏ 1150. பிராசசர் அத்தனை ஊசிமேலும் சமமாக உட்கார வேண்டும். ஃபேன் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு மறுபக்கம் அழுத்தினால் சில ஊசிகள் சரியாகத் தொடாமல் போகும், ஒரு ராம் காணாமல் போகும். சூடும் ராமும் ஒரே மூலையில் இருந்து வந்த குறையாக இருக்கலாம். ஊசி வளைந்திருந்தாலும் இப்படி ஆகும், அதையும் பார்த்துவிடலாம்.

தர்ஷினி, நாளை ஹட்டனிலிருந்து வருகிறாய்தானே? தெர்மல் பேஸ்ட் ஒரு சின்ன டியூப் வாங்கி வா. பழைய பேஸ்டைத் துடைக்கப் பாமசியில் ஐசோபுரோபைல் அல்கஹோல் கிடைத்தால் அதையும்.

தர்ஷினி (மாலை 7:36)
எட்டரை பஸ்ஸைப் பிடிக்கிறேன். கடை எட்டுக்குத் திறக்கும் என்று நினைக்கிறேன், முதல் ஆளாகப் போய் நிற்கிறேன்.

சித்தப்பா (மாலை 7:40)
பற்பசை பூசினாலும் வேலை செய்யும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன்.

செல்வம் (மாலை 7:42)
கொஞ்ச நேரம் வேலை செய்யும் சித்தப்பா, சூட்டில் காய்ந்து தூளாகிவிடும். பிறகு பழைய நிலைதான். ஒரு இரவு பொறுக்கலாம்.

*ஞாயிற்றுக்கிழமை*

தர்ஷினி (காலை 9:48)
வந்து சேர்ந்தேன். பேஸ்டும் அல்கஹோலும் கிடைத்தன. காசல்ரீ பக்கம் முழுக்கப் பனி, பஸ் ஊர்ந்துதான் வந்தது.

செல்வம் (காலை 9:55)
கவின், இன்று கேசுக்குள் வைத்துச் செய்யாதே. போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வை. பிளக் கழன்றிருக்கிறதா என்று மறுபடியும் பார். கையை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, கேசின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டுத் தொடங்கு. பிராசசர் மேல் ஃபேன் உட்கார்ந்த தடத்தைத் துடைக்கும் முன் எனக்குப் படம் வேண்டும்.

கவின் (காலை 10:23)
📷 படம்

செல்வம் (காலை 10:26)
எல்லோரும் பாருங்கள். இடது பாதியில் சாம்பல் நிறப் பேஸ்ட் ஒட்டியிருக்கிறது. ராம் பக்கத்துப் பாதியில் உலோகம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, அதில் எழுதியிருக்கும் எழுத்தைக்கூட வாசிக்கலாம். அந்தப் பாதியை ஃபேன் தொடவே இல்லை. நேற்று முழுக்கப் பாதித் தொடுகையில் ஓடியிருக்கிறது, பாவம்.

செல்வம் (காலை 10:27)
இப்போது துடை. பிராசசரை எடுத்துச் சொக்கெட்டைப் போன் லைட்டில் சாய்த்துப் பார். நாற்றுமேடை மாதிரி வரிசையாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒளி வேறு மாதிரி விழுந்தால் சொல். விரலை மட்டும் உள்ளே வைத்துவிடாதே.

கவின் (காலை 10:38)
வரிசை ஒழுங்காகத்தான் இருக்கிறது மாமா. நான்கு பக்கத்திலிருந்தும் பார்த்தேன். சித்தியும் பார்த்தார்.

யோகா (காலை 10:39)
நானும் பார்த்தேன். இவ்வளவு சின்ன ஊசிகளா!

செல்வம் (காலை 10:47)
நல்லது. பிராசசரைத் திரும்ப வைத்துப் பூட்டு. பேஸ்ட் நடுவில் ஒரு பயறு அளவு போதும், பரப்ப வேண்டாம், அழுத்தும்போது தானே பரவும்.

அடுத்து அந்த நான்கு கால்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் பக்கம் திருப்புவது கழற்றுவதற்கு. பூட்டும்போது அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு அழுத்த வேண்டும். நிறையப் பேர் அம்பைப் பார்த்து மாற்றிச் செய்வார்கள், ஒரு காலாவது வெளியே வந்துவிடும். ஒரு மூலை, பிறகு அதற்கு நேர் எதிர் மூலை. அப்புறம் மற்ற இரண்டும்.

சித்தப்பா (காலை 10:50)
பெக்டரியில் ரோலர் மூடிக்கும் அப்படித்தான் போல்ட் இறுக்குவோம். ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் மறுபக்கம் வாய் திறக்கும். கவின், நான் வரட்டுமா? போர்டைப் பிடித்துக்கொள்கிறேன்.

கவின் (காலை 10:51)
வாருங்கள் தாத்தா.

கவின் (காலை 11:20)
📷 படம்
நான்கும் டிக் என்றது! தாத்தா போர்டைத் தூக்கிப் பிடித்தார், அடியில் பார்த்தேன். நான்கு வெள்ளைக் கால்களும் விரிந்திருக்கின்றன, நடுவில் கறுப்பு ஊசி வெளியே தெரிகிறது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

செல்வம் (காலை 11:22)
அழகு. ஃபேன் வயரை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் குத்து. எல்லாம் மாட்டிவிட்டு முதலில் பயோஸ்.

கவின் (காலை 11:51)
38!!! பத்து நிமிடமாகப் பார்க்கிறேன், 38, 39.

கவின் (காலை 11:58)
மெமரி 8 வந்துவிட்டது மாமா. வேர்ட் உடனே திறக்கிறது. ஸ்பீட் 3.7 காட்டுகிறது.

யோகா (பகல் 12:02)
தம்பி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்றிரவு நான் தூங்கவில்லை.

செல்வம் (பகல் 12:05)
அக்கா, நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். கவின், அதே பக்கத்தில் கீழே லொஜிக்கல் பிராசசர்ஸ் எத்தனை?

கவின் (பகல் 12:06)
4.

செல்வம் (பகல் 12:09)
8 இருக்க வேண்டும். அது திரெட் கணக்கு, ஒரே நேரத்தில் எத்தனை வேலையை நடத்தலாம் என்பது. ஐ3-இல் இரண்டு கோர், நான்கு திரெட். இதில் நான்கு கோர், எட்டு திரெட். எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸ் எழும்பும் விதத்தை மாற்றும் கருவி) திறந்து ஏதாவது மாற்றினாயா முன்பு?

கவின் (பகல் 12:14)
போன வருடம் ஒரு வீடியோ பார்த்து, பூட் பக்கத்தில் அட்வான்ஸ்ட் ஆப்ஷனில் நம்பர் ஒஃப் பிராசசர்ஸ் என்பதில் டிக் போட்டு 4 வைத்தேன். வேகமாகும் என்று சொன்னார்கள்.

செல்வம் (பகல் 12:18)
அது வேகம் கூட்டும் இடம் இல்லை. இத்தனைக்கு மேல் பயன்படுத்தாதே என்று விண்டோஸுக்குக் கட்டளை போடும் இடம். பழையதில் இருந்ததே நான்கு என்பதால் தெரியவில்லை. அந்த டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணு.

கவின் (பகல் 12:25)
8. எட்டும் தெரிகின்றன.

தர்ஷினி (பகல் 12:31)
அண்ணா, இனி விண்டோஸ் 11 போடலாமா? 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்ததல்லவா.

செல்வம் (பகல் 12:37)
இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் 11-ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது. இது நான்காம் தலைமுறை. அதைப் பிறகு ஆறுதலாக யோசிப்போம், இன்று வினாத்தாள்தான் முக்கியம். அதுவரை தெரியாத பென்டிரைவ் எதையும் அதில் குத்த விடாதீர்கள்.

கவின், ஒரு வீடியோவை அரை மணி நேரம் ஓடவிட்டு சூட்டைப் பார். கோர் டெம்ப் என்று சின்ன மென்பொருள், இலவசம்.

கவின் (பகல் 1:20)
வீடியோவுக்கு 55. ஒரு பெரிய ஃபைலைச் சுருக்கிப் பார்த்தேன், 81 வரை போனது.

செல்வம் (பகல் 1:24)
81 பரவாயில்லை. அது ஐ3-உடன் வந்த ஃபேன், முழுக்க அலுமினியம். ஐ7 பெட்டியில் வருவதற்கு நடுவில் செம்பு இருக்கும், சூட்டை இன்னும் வேகமாக வாங்கும். என்னிடம் ஒன்று இருக்கிறது. அடுத்த வாரம் பஸ்ஸில் போட்டு விடுகிறேன், வந்ததும் நீயே மாட்டு. மீதிப் பேஸ்டை மூடி வை.

சித்தப்பா (பகல் 1:27)
அன்றைக்கும் போர்டைப் பிடிக்க நான் வருவேன்.

யோகா (பகல் 2:44)
ஒன்பது பிரதியும் அடித்து முடித்துவிட்டேன். கேட்டில் பிள்ளைகளின் குரல் கேட்கிறது, நனைந்துகொண்டு வருகிறார்கள். போனை வைக்கிறேன்.