புதுப்பிப்பு: காலையில் மட்டும் இன்ஜின் மிஸ்ஸிங் ஆன பழைய கார், காரணம் கிடைத்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: என்னுடையது கார்பரேட்டர் வைத்த பழைய 3 சிலிண்டர் கார், வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைப் பக்கம். பனி, மழை நாட்களில் காலையில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும். வெயில் ஏறினால் தானாகச் சரியாகிவிடும்.

பிளக், பெட்ரோல் ஃபில்டர் மாற்றியும் பலனில்லை. இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொன்னாரே ஒருவர், அதுதான் பலித்தது. டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துக் கரண்ட் அனுப்பும் பாகம்) மூடி மேல் நீலப் பொறி ஓடியது. கழற்றினால், உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கோடு இழுத்தது போலக் கரித்தடம். ஈரம் பட்டதும் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. மூடி, அதனுள்ளே சுழலும் ரோட்டார் இரண்டையும் மாற்றினேன்.

எதிர்பாராத ஒன்று: பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஹெச்.டி. (ஹை டென்ஷன்) வயர் ஒன்றின் முனையில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் கைங்கரியம்! மீட்டரில் அதன் ரெசிஸ்டன்ஸ் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டியது. சரி என்று வயர்களையும் செட்டாகவே மாற்றிவிட்டேன். இப்போது அடைமழையிலும் சீராக ஓடுகிறது.

தண்ணீர் தெளிக்கும்போது வயரைத் தொட்டுவிடாதீர்கள், உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட்.