வரையக் கற்பவர் கையில் முதலில் டேப்லெட்டா, தாளா?

நீலமை:
"தாளில் கை பழகாதவரிடம் டேப்லெட்டைக் கொடுத்தால் கை வளராது" என்று கரிக்கோல் வேறோர் இழையில் எழுதியிருந்தார். அதை இங்கே பேசலாம் என்று தோன்றியது. நான் மறுக்கிறேன். வரைதலில் பாதிக்கு மேல் பார்வைப் பயிற்சிதான். தலைக்கும் தோளுக்கும் உள்ள அளவு, நிழல் விழும் இடம், இரண்டு பொருள்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடம் ஆகியவற்றைக் கண் பிடித்துவிட்டால் எதில் வரைந்தாலும் படம் நிற்கும். அந்தக் கண்ணைப் பழக்க டேப்லெட் நிறையவே உதவுகிறது. படத்தை இடம்வலமாகப் புரட்டிப் பாருங்கள், அதுவரை சரியாகத் தெரிந்த முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருப்பது உடனே தெரியும். ஐபேடில் வரையும் செயலியான புரோகிரியேட் நாம் போடும் கோடுகளைத் தானாகவே காணொளியாகப் பதிந்து வைக்கிறது. ஓட்டிப் பார்த்தால் படம் எந்த இடத்தில் கெடத் தொடங்கியது என்று கண்டுபிடித்துவிடலாம். தாளில் அந்தத் தடம் மிஞ்சுவதில்லை.

கரிக்கோல்:
புரட்டிப் பார்ப்பது நல்ல வசதி, அதை ஒத்துக்கொள்கிறேன். என் எதிர்ப்பு அன்டூ, ஜூம், ஸ்டெபிலைசர் மூன்றின் மீதும்.

அன்டூவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் தட்டினால் கோடு போய்விடுகிறது. அதனால் கற்பவர் யோசிக்காமல் வளைகோட்டை இழுக்கிறார், அழிக்கிறார், மறுபடி இழுக்கிறார். ஏதோ ஒரு தடவை சரியாக விழுகிறது. அதை வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிறார். ஏன் சரியாக விழுந்தது என்று அவருக்குத் தெரியாது, நாளைக்கு அதே வளைவு வேண்டுமென்றால் மறுபடி அதே கூத்து. பேனாவால் தாளில் வரைபவருக்குத் தப்பான கோடு கண்முன் கிடக்கும். எவ்வளவு விலகியது என்று அதை வைத்தே அளந்துதான் அடுத்த கோட்டைப் போட முடியும். கற்றல் அங்கேதான் நடக்கிறது.

ஜூம் இன்னும் மோசம். 400 சதவீதம் பெரிதாக்கி இமைமுடியை ஒவ்வொன்றாக வரைவார்கள். பழைய அளவுக்கு வந்தால் கண் முகத்தில் உட்காராது. பெரிய தாளில் கை தோளிலிருந்து அசையும். சின்னத் திரையில் விரலும் மணிக்கட்டும் மட்டும்தான் அசைகின்றன. ஸ்டெபிலைசர் நடுங்கும் கோட்டை நேராக்கிக் கொடுத்துவிடும், ஆனால் கையில் இருக்கும் நடுக்கம் போகாது.

தூரிகைநுனி:
நான் பத்திரிகைக்கும் சிறுவர் நூல்களுக்கும் படம் போடுபவள். கரிக்கோல் அன்டூவைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் லேயரைப் பற்றி, அதாவது கண்ணாடித்தாள் போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்குகளைப் பற்றி, இரண்டு பேரும் பேசவில்லையே! போட்டோஷாப்பில் 1994-இல் மூன்றாம் பதிப்போடு லேயர் வந்தது. படம் வரையும் முறையையே மாற்றியது அதுதான் என்பேன். கச்சாக் கோடு ஒரு லேயரில், அதன்மேல் சுத்தமான கோடு, அடியில் நிறம். கற்பவருக்கும் இதில் பெரிய லாபம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு வெள்ளையாக்கும் லேயர் ஒன்றை வைத்து, அவ்வப்போது அதைப் போட்டுப் பார்த்தால், ஒளி எங்கே, இருள் எங்கே என்று நிறத்தின் குழப்பம் இல்லாமல் தெரியும். பாதிப் படங்கள் சப்பென்று இருப்பதற்குக் காரணம் நிறம் இல்லை, இந்த ஒளியிருள் வேறுபாடு போதாததுதான்.

அப்புறம், தொடங்குபவர்கள் தயவுசெய்து கேன்வாஸ் அளவை, அதாவது செயலியில் வரையும் பரப்பின் அளவைப் பாருங்கள். அச்சில் ஏ4 தாளுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 × 3508 பிக்சல் வேண்டும். சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் ஓரங்கள் குழம்பிப்போகும்.

நீலமை:
கரிக்கோல், நீங்கள் சொல்லும் மூன்றுமே பழக்கத்தின் குறைகள், கருவியின் குறைகள் அல்ல. ஸ்டெபிலைசரைப் பூஜ்யத்துக்குக் குறைக்கலாம். ஜூம் செய்தாலும் முழுப்படத்தையும் சிறு சாளரத்தில் காட்டும் வசதி புரோகிரியேட்டிலும், கணினியில் வரையும் செயலியான கிரிட்டாவிலும் இருக்கிறது. ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 2010-இல் ஐபேட் வந்ததுமே அதில் வரைய ஆரம்பித்தார், அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். கருவி கையைக் கெடுக்கும் என்றால் அவர் ஏன் அதை எடுக்க வேண்டும்?

கரிக்கோல்:
ஹாக்னி எனக்குத்தான் சாட்சி. அரை நூற்றாண்டுக்கு மேல் தாளிலும் துணியிலும் வரைந்த கை அது. அந்தக் கைக்கு எதைக் கொடுத்தாலும் ஓவியம்தான் வரும். நாம் பேசுவது முதல் கோடு போடுகிறவரைப் பற்றி.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. பெரும்பாலான செயலிகள் சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவைக் குறிக்கும் ஆர்ஜிபி எண்களைச் சராசரி எடுத்துத்தான் நிறங்களைக் கலக்கின்றன. முழு நீலத்தையும் முழு மஞ்சளையும் சம அளவில் கலந்து பாருங்கள், சாம்பல் வரும். நிஜச் சாயத்தில் பச்சை வரும், ஏனென்றால் அங்கே நிறமித் துகள்கள் ஒளியை விழுங்கித்தான் நிறம் பிறக்கிறது. திரையில் மட்டும் கற்றவர் வாட்டர்கலரைத் தொட்டால் திகைத்துப்போவார். அல்ட்ராமெரின் நீலம் தாளின் குழிகளில் மணல்மணலாகப் படியுமே, அந்த அழகு தண்ணீரும் தாளும் சேர்ந்து செய்வது.

தூரிகைநுனி:
நிறமிக் கலவையையே கணக்கிட்டுப் பச்சை வரவைக்கும் ரெபெல் போன்ற செயலிகள் இப்போது இருக்கின்றன. ஆனால் அந்த மணல் படிவு விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். அதைச் செயலியில் வரவைக்கலாம், எதிர்பாராமல் வருவதன் சந்தோஷம் கிடைக்காது.

புதுக்கோடு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் திரை இல்லாத டேப்லெட்தான் இருக்கிறது, கணினியில் இணைப்பது. மேசையில் கை, திரையில் கண். வட்டம் போட்டால் முட்டை மாதிரி வருகிறது. இதிலேயே கற்கலாமா, தாளுக்குப் போகட்டுமா?

நீலமை:
முட்டை உங்கள் கையின் குற்றம் இல்லை. டேப்லெட் பரப்பின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் வேறாக இருந்தால் வட்டம் நசுங்கும். டிரைவர், அதாவது டேப்லெட்டைக் கணினியோடு இயக்கும் மென்பொருள், அதன் அமைப்புக்குள் போய் விகிதத்தைத் திரையோடு பொருத்துங்கள். பரப்பில் கொஞ்சம் பயன்படாமல் போகும், பரவாயில்லை. கண்ணும் கையும் ஒத்துப்போகச் சில வாரங்கள் ஆகலாம், பழகிவிடும். திரையில்லாததில் ஒரு நன்மையும் உண்டு: கை படத்தை மறைக்காது, கழுத்தும் குனியாது. தாராளமாக இதிலேயே தொடங்குங்கள்.

கரிக்கோல்:
விகிதத்தைப் பற்றி நீலமை சொன்னது சரி, முதலில் அதைச் செய்யுங்கள். ஆனால் கண்ணும் கையும் வேறு வேறு இடத்தில் இருக்கும் கருவியில் முதல் பாடம் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு பால்பாயின்ட் பேனா, எழுதி மீந்த தாள்கள் போதும். ரப்பர் வேண்டாம். தினமும் எதிரில் இருக்கும் பொருளைப் பார்த்து வரைந்துவிட்டு, பிறகு டேப்லெட்டை எடுங்கள்.

நீலமை:
"பிறகு" என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. அதே பொருளை அதே பேனா ஒழுக்கத்தோடு, அன்டூவைத் தொடாமல், டேப்லெட்டிலும் அன்றைக்கே வரையலாமே. புதுக்கோடு, இரண்டிலும் வரைந்து இங்கே போடுங்கள், பார்த்துப் பேசுவோம்.

கரிக்கோல்:
போடட்டும். டேப்லெட்டில் வரைந்ததற்குக் கணினித் திரையைப் பதிந்த காணொளியும் சேர்த்து வேண்டும், அன்டூவைத் தொட்டாரா என்று நான் பார்க்க வேண்டும்.